பதிவில் மழை ஏன் வடைச்சட்டி போலக் கேட்கிறது?

ஐப்பசி அடைமழை. தாழ்வாரத்தில் நின்று கேட்டால் அதில் எத்தனையோ அடுக்குகள் இருக்கின்றன. தூரத்து வயல்வெளியில் ‘சோ’வென்று ஒரே சீராக இறங்குவது ஓர் அடுக்கு. பக்கத்து வாழை இலையில் ‘பட் பட்’. மாட்டுக்கொட்டகைத் தகரத்தில் ‘சடசட’. ஓட்டு நுனியிலிருந்து வாளிக்குள் ‘சொட்டுச் சொட்டு’. முற்றத்தில் ஓடும் நீரில் ‘சளசள’. மழைக்கு இத்தனை ஒலிச்சொற்கள் நம்மிடம் இருப்பதே, காது இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிறது என்பதற்கு அடையாளம். அதே இடத்தில் கைபேசியை நீட்டி இரண்டு நிமிடம் பதிவுசெய்து, அப்புறம் அறைக்குள் வந்து போட்டுக் கேட்டால் ஒன்றுதான் மிஞ்சுகிறது: காய்ந்த எண்ணெயில் வடை வேகும் சத்தம்.

இந்த ஏமாற்றம் மழையோடு நிற்பதில்லை. விடியற்காலைத் தோப்பு, தேர்த் திருவிழா, கடற்கரை, குளத்துத் தவளைகள் என எதைப் பதிவுசெய்தாலும் ‘நேரில் கேட்ட மாதிரி இல்லையே’ என்பதுதான் முதல் பேச்சு. கருவி மட்டம் என்று நினைத்து விலை கூடிய ரெக்கார்டர் வாங்குகிறவர்கள் உண்டு. ‘32 பிட் ஃப்ளோட்’ என்ற பெயரோடு விற்கும் சிறிய ரெக்கார்டர்கள் இப்போது இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டியிருக்கின்றன. காசு செலவழித்த பிறகும் மழை வடைச்சட்டியாகவே கேட்கும்போது என்ன செய்வதென்று தெரிவதில்லை.

காரணம் பெரும்பாலும் கருவிக்கு வெளியே இருக்கிறது. மைக்கை எங்கே வைத்தோம், எத்தனை மைக் வைத்தோம், என்ன அளவில் திருப்பிக் கேட்டோம் என்ற மூன்று கேள்விகளில் முக்கால்வாசி விடை அடங்கிவிடும். அதற்கு முதலில் காது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

## மைக் கேட்பது வேறு, காது கேட்பது வேறு

மைக்குக்குள் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. காற்றழுத்தம் ஏறி இறங்க, சவ்வு அசைகிறது. அந்த அசைவு மின்னழுத்தமாக மாறுகிறது. அவ்வளவுதான். ஒலி இடமிருந்து வந்ததா வலமிருந்து வந்ததா, வேண்டியதா வேண்டாததா என்று அதற்குத் தெரியாது.

நமக்குக் காதுகள் இரண்டு. நடுவே தலை. வலப்பக்கத்து ஒலி வலக்காதுக்கு முதலில் வருகிறது, இடக்காதுக்குச் சற்றுப் பிந்தி வருகிறது. அதிகபட்ச வித்தியாசமே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு, சுமார் 0.65 மில்லிநொடி. அதைக்கூட மூளை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சுருதி தாழ்ந்த ஒலிகளுக்கு இந்த நேர வித்தியாசமும், சுருதி உயர்ந்த ஒலிகளுக்குத் தலையின் ‘நிழல்’ விழுவதால் வரும் அளவு வித்தியாசமும் திசையைச் சொல்கின்றன என்று இயற்பியலாளர் ரேலி பிரபு 1907-இலேயே விளக்கினார். காதுமடலின் வளைவுகள் மேல், கீழ், முன், பின் என்ற மீதித் தகவலைத் தருகின்றன.

திசை தெரிந்த பிறகு மூளை இன்னும் இரண்டு வேலைகள் செய்கிறது.

1. வேண்டியதைத் தெரிந்தெடுக்கிறது. கல்யாணப் பந்தியில் சுற்றிலும் நூறு பேர் பேசினாலும் எதிரில் இருப்பவர் சொல்வது கேட்கிறது. இதை 1953-இல் காலின் செர்ரி சோதனைகள் மூலம் ஆராய்ந்தார். ஒரே குரலில் பேசிய இரண்டு செய்திகளைக் கலந்து கொடுத்தபோது, கேட்டவர்கள் அவற்றைப் பிரிக்கத் திணறினார்கள். ஒரு காதுக்கு ஒரு செய்தி என்று தனித்தனியாகக் கொடுத்ததும் பிரிப்பது எளிதாகிவிட்டது.

2. எதிரொலியை அமுக்குகிறது. சுவரில் பட்டு ஒரு சில மில்லிநொடி பிந்தி வரும் ஒலியை மூளை தனி ஒலியாக எண்ணாமல், முதலில் வந்த ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. 1949-இல் ஹெல்முட் ஹாஸ் இதை அளந்து காட்டினார்.

இனி மழைக்கு வருவோம். ஒவ்வொரு துளியும் விழும்போது எழுவது நொடியில் மிகச் சிறு பங்கே நீளும் ஒரு ‘டக்’. ஒரு நிமிடத்தில் லட்சக்கணக்கில் இப்படி ‘டக்’குகள், ஒழுங்கே இல்லாமல். வாழை இலையின் டக்குகள் இடப்பக்கம் முன்னால், தகரத்தின் டக்குகள் வலப்பக்கம் தள்ளி என்று தெரிந்தால் மூளை அவற்றைக் கட்டுக் கட்டாகப் பிரித்துவிடும். ஒற்றை மைக்கில் எல்லாமே ஒரே புள்ளியில் வந்து குவிகின்றன. ஒழுங்கில்லாத லட்சம் டக்குகளை ஒரே இடத்தில் கொட்டினால் கிடைப்பது வெறும் இரைச்சல். வடைமாவில் இருக்கும் நீர் சூடான எண்ணெயில் ஆவியாகி, ஆயிரக்கணக்கான குமிழிகளாக வெடிப்பதும் இதே வகை ஒலிதான். அதனால்தான் அந்த ஒற்றுமை.

ஆக, பதிவு உயிரோடு இருக்க வேண்டுமென்றால் நாம் மூளைக்கு அதன் மூலப்பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் முதலாவது திசை.

## திசையைப் பதிவுக்குள் கொண்டுவருவது

இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி அனுப்பும் யோசனை பழையது. 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளமன் அதேர், ஓபரா அரங்கின் மேடையில் தொலைபேசி மைக்குகளை வரிசையாக வைத்து, கண்காட்சிக்கு வந்தவர்களுக்குக் காதுக்கு ஒன்றாக இரண்டு ரிசீவர்கள் கொடுத்தார். பாடகர் மேடையில் நடப்பது கேட்பவருக்குத் தெரிந்தது. பிறகு 1931-இல் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று களத்தில் புழங்கும் மைக் அமைப்புகள் பலவற்றுக்கும் வேர் அங்கேதான். முக்கியமானவை:

1. எக்ஸ்-ஒய். இரண்டு மைக் தலைகளும் ஒரே இடத்தில், 90 பாகை அளவுக்குக் கோணம் விரிந்து. கையடக்க ரெக்கார்டர்களின் உச்சியில் குறுக்காக நிற்பது இதுதான். எடுத்துச் செல்ல வசதி. ஆனால் இரண்டு மைக்கும் ஒரே இடத்தில் இருப்பதால் நேர வித்தியாசம் கிடையாது, அளவு வித்தியாசம் மட்டுமே. இடம் தெரியும், வெளி விரியாது.

2. ஓஆர்டிஎஃப். பழைய பிரெஞ்சு ஒலிபரப்பு நிறுவனம் ஒன்றின் பெயரால் வழங்குவது. இரண்டு மைக்குகளுக்கு இடையே 17 செ.மீ., கோணம் 110 பாகை. 17 செ.மீ. என்பது நம் காதுகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கு நெருக்கம். அதனால் நேரம், அளவு இரண்டு வித்தியாசமும் பதிவாகும்.

3. இடைவெளி விட்ட ஜோடி. எல்லாத் திசையும் கேட்கும் இரண்டு மைக்குகளை 40 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை தள்ளி வைப்பது. மழைக்கும் கடலுக்கும் நன்றாக விரியும். நடுவில் இருக்கும் ஒலி மட்டும் கொஞ்சம் தெளிவிழக்கும்.

4. செயற்கைத் தலை. மனிதத் தலை வடிவப் பொம்மையின் காதுகளுக்குள் மைக். ஹெட்ஃபோனில் கேட்டால் வியப்பாக இருக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் காதுமடல் வேறு. பொம்மையின் காது உங்கள் காது அல்லாததால், முன்னால் நடந்தது பின்னால் நடந்ததுபோலத் தோன்றுவது உண்டு. நேரில் சந்தேகம் வந்தால் தலையைத் திருப்பித் தீர்த்துக்கொள்வோம். ஹெட்ஃபோனில் தலையைத் திருப்பினால் காட்சி முழுவதும் கூடவே திரும்பிவிடும்.

இவற்றைவிட எளிதாக, செலவும் குறைவாக ஒரு வழி இருக்கிறது. களப் பதிவாளர்கள் பலர் மரத்தையே தலையாக்கிக்கொள்கிறார்கள். நம் ஊருக்கு அது தென்னை. தண்டின் குறுக்களவு தலையைவிடச் சற்றே பெரிது. சட்டையில் மாட்டும் அளவுக்குச் சின்னதான இரண்டு மைக்குகளைத் தண்டின் இரு பக்கத்திலும் காதுயரத்தில், வெளிப்பக்கம் பார்க்க, துணி நாடாவால் கட்டினால் போதும். தாழ்ந்த ஒலிகள் தண்டைச் சுற்றி வளைந்து இரண்டு மைக்குக்கும் வரும். உயர்ந்த ஒலிகளைத் தண்டு மறைக்கும். தலை செய்வதும் இதைத்தான். எறும்பு ஏறும் மரம் மட்டும் ஆகாது. மைக் உறைமேல் எறும்பு நடப்பதுகூடப் பதிவில் கேட்கும்.

## தூரம்: பலரும் தவறவிடும் இடம்

கல்தூண் பிரகாரத்தில் நாதஸ்வரம். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்க அருமையாக இருக்கிறது. அதே இடத்தில் மைக் வைத்துப் பதிவுசெய்தால், கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருக்கும். கல்லில் பட்டுத் திரும்பிய ஒலிகளைக் காது அமுக்கிக்கொண்டது. மைக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

அதனால் ஓர் அனுபவ விதி: காதுக்கு நன்றாக இருக்கும் இடத்தைவிட மைக் கிட்டே இருக்க வேண்டும். மூடிய இடங்களில் பாதி தூரம் என்று தொடங்கி, ஹெட்ஃபோனில் கேட்டுச் சரிசெய்யலாம். எல்லாத் திசையும் கேட்கும் மைக்கோடு ஒப்பிட்டால், முன்பக்கம் மட்டும் கூர்ந்து கேட்கும் கார்டியாய்டு வகை மைக்கை 1.7 மடங்கு தள்ளி வைத்தாலும் நேரொலிக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம் அதே அளவில் இருக்கும். திறந்தவெளியில் சுவர் எதிரொலி இல்லாததால் கணக்கு வேறு. அங்கே தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. கிட்டே இருப்பதற்கும் தள்ளி இருப்பதற்கும் உள்ள இந்த ஏற்றத்தாழ்வுதான் பதிவுக்கு ஆழம் தருகிறது.

ஒரே பொருளை மிகக் கிட்டே போய் எடுப்பதும் இயல்பைக் கெடுக்கும். பறவைக் குரல் பதிவில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. உலகில் தெரிந்தவரை முதல் பறவைக் குரல் பதிவு 1889-இல் ஜெர்மனியில், சிறுவனாக இருந்த லுட்விக் காஃக் எடுத்தது. பறவை நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளிலும் பாடும் சோலைபாடி. ஆனால் அது கூண்டுப் பறவை. அந்தப் பதிவில் குரல் இருக்கிறது, சோலை இல்லை. இன்று பறவை ஆய்வாளர்கள் வைத்திருக்கும் குழிந்த தட்டு, அதாவது பரவளைய எதிரொளிப்பான், அதே வேலையைத் திறமையாகச் செய்கிறது. தூரத்துக் குரலை இழுத்துக் கிட்டே கொண்டுவரும். அதற்கு ஒரு விலை உண்டு. தட்டின் குறுக்களவைவிட நீளமான அலைகளை அதனால் குவிக்க முடியாது. 500 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 500 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் சுமார் 68 செ.மீ. ஆக 55 செ.மீ. தட்டில் குயிலின் கூவல் கூர்மையாகும், செம்போத்தின் தாழ்ந்த ‘ஊப் ஊப்’ பின்தங்கும். எந்தப் பறவை என்று அடையாளம் காண அந்தப் பதிவு போதும். தோப்பில் நிற்கும் உணர்வு வேண்டுமென்றால் தட்டை வீட்டில் வைத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

## மழைக்கு மைக் வைப்பது

மேலே சொன்னதை எல்லாம் ஒரே தாழ்வாரத்தில் பொருத்திப் பார்க்கலாம்.

1. கண்ணை மூடி இரண்டு நிமிடம் நின்று அடுக்குகளை எண்ணுங்கள். ‘சோ’ எங்கிருந்து வருகிறது, ‘சடசட’ எங்கே, ‘சொட்டு’ எங்கே. இந்த வேலையைச் செய்யாமல் ரெக்கார்டரை எடுத்தால் பதிவு குருட்டாம்போக்கில்தான் அமையும்.

2. ஒன்றை முன்னணியாக வைத்துக்கொள்ளுங்கள். வாழை இலை என்றால் ஒரு மீட்டருக்குள் போங்கள். தனித் துளி தனித் துளியாகக் கேட்கும் ஒலி ஒன்றாவது இருந்தால்தான், பின்னால் இருக்கும் ‘சோ’ மழை என்று புரியும். வடைச்சட்டியிலிருந்து தப்பிக்க இந்த ஒரு படியே பாதி வழி.

3. தகரத்தை விட்டு விலகுங்கள். அது எல்லாவற்றையும் மூடிவிடும். ஐந்தாறு மீட்டர் தள்ளி, ஒரு பக்கமாக இருந்தால் அழகு.

4. மைக் நனையக் கூடாது. உறைமேல் விழும் துளி ‘டொக்’கென்று வெடிக்கும். தாழ்வாரத்துக்குள் வையுங்கள், ஆனால் பின்சுவரை ஒட்டி வேண்டாம். சுவர் அரை மீட்டரில் இருந்தால், திரும்பி வரும் ஒலி ஒரு மீட்டர் கூடுதலாகப் பயணித்து சுமார் 3 மில்லிநொடி பிந்தி வந்து சேரும். அது 170 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம், 500 பக்கத்தில் ஒரு பள்ளம் என்று சீப்புப் பல் மாதிரி ஒலியை அரித்துவிடும். குடத்துக்குள் பேசும் நிறம் வருவது இதனால். நகர இடமில்லை என்றால் சுவரில் ஒரு கனத்த ஜமுக்காளத்தை மடித்துத் தொங்கவிடுங்கள். உயர்ந்த ஒலிகளில் இருக்கும் பள்ளங்களாவது குறையும்.

5. பதிவை ஓடவிட்டு நகர்ந்துவிடுங்கள். இருபது நிமிடமாவது ஓடட்டும். உங்கள் மூச்சு, சட்டை உரசல், கால் மாற்றும் சத்தம் எதுவும் வேண்டாம். தவளைகள் ஆள் நடமாட்டத்தில் வாயடைத்து, ஆள் போன பிறகுதான் மறுபடி தொடங்கும். முதல் பத்து நிமிடம் வீண் என்று நினைத்துக்கொள்ளலாம்.

## இரைச்சல் கணக்கு

எல்லா மைக்குக்கும் சொந்தமாக ஓர் இரைச்சல் உண்டு. முழு அமைதியிலும் அது ‘ஸ்ஸ்’ என்று ஓடிக்கொண்டிருக்கும். கைபேசிகளில் இருக்கும் சில்லு மைக்குகளின் தரவுத்தாளில் ஒலி-இரைச்சல் விகிதம் 65 டெசிபல் என்று போட்டிருப்பது வழக்கம். அந்த விகிதம் 94 டெசிபல் ஒலியை அடிப்படையாக வைத்து அளந்தது. 94-இல் 65 போனால் 29. அந்த மைக்கின் சொந்த இரைச்சல் 29 டெசிபலுக்குச் சமம். பூச்சிகளும் அடங்கிய காட்டு இரவு 25 டெசிபலுக்குக் கீழே போகலாம். அங்கே மைக் தன் இரைச்சலைத்தான் பதிவுசெய்யும், காட்டை அல்ல.

அமெச்சூர் பதிவாளர்கள் விரும்பும் ஜப்பானிய பிரைமோ ஈஎம் 272 என்ற சிறு மைக் தலையில் இது 14 டெசிபல். ரோடு என்டி1 போன்ற பெரிய சவ்வு மைக்கில் 5-க்கும் கீழே.

இதிலிருந்து நேராக ஒரு பயன் கிடைக்கிறது. மழை, சந்தை, அலைகடல், ஊர்வலம் எல்லாம் 50, 60 டெசிபலும் அதற்கு மேலும் இருப்பவை. அவற்றுக்கு மலிவான மைக்கே போதும். செலவை இரண்டாவது மைக்குக்கும் நல்ல கம்பிக்கும் போடலாம். விடியலுக்கு முந்தைய தோப்பு, பனி சொட்டும் சத்தம், தூரத்துக் கோயில் மணி போன்றவற்றுக்குத்தான் இரைச்சல் குறைந்த மைக் தேவை.

விடியற்காலைக்கு இன்னொரு குணமும் உண்டு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒலி மேலே தப்பிப் போகாமல் தரைப்பக்கம் வளைகிறது. இரவில் மூன்று மைல் தள்ளிப் போகும் ரயில் பக்கத்தில் போவதுபோலக் கேட்பது அதனால்தான். ஆழமான பதிவுக்கு இது வரம். ஆனால் நெடுஞ்சாலை லாரிகளின் உறுமலும் அதே வழியில் வந்துவிடும்.

## கைபேசி நமக்குத் தெரியாமல் செய்பவை

கைபேசி பேச்சுக்காகச் செய்த கருவி. பேச்சு தெளிவாகக் கேட்க அது சில வேலைகளைத் தானாகவே செய்கிறது. களப் பதிவில் அவையே எதிரிகள்.

1. தானியங்கிக் கெயின், அதாவது ஏஜிசி. கெயின் என்பது மைக்கில் வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு. ஒலி சிறுத்தால் ஏற்றும், பெருத்தால் இறக்கும். சாமி புறப்பாட்டில் தவில் ஒரு சொல் விழுந்ததும் கெயின் சட்டென்று இறங்குகிறது. கூடவே நாதஸ்வரமும் அமுங்குகிறது. தவில் நிற்க, கெயின் மெல்ல ஏறுகிறது. இப்போது கூட்டத்தின் முணுமுணுப்பும் செருப்புச் சத்தமும் மேலே வருகின்றன. அடுத்த அடி விழ, மறுபடி எல்லாம் அமுங்குகிறது. நேரில் தவில்தான் கூட்டத்துக்கு மேல் ஓங்கி நின்றது. பதிவில் தவிலும் கூட்டமும் ஒரே உயரம்.

2. இரைச்சல் நீக்கம். மாறாமல் ஓடும் ‘ஸ்ஸ்’ ஒலியைக் கண்டுபிடித்து அழிப்பது அதன் வேலை. மழையும் கடலும் மரக்கிளையில் காற்றும் அதற்கு அப்படித்தான் தெரியும். நாம் பதிவுசெய்ய வந்ததையே அது குப்பை என்று எண்ணித் துடைக்கிறது.

3. சுருக்கம். குரல் செய்தியாக அனுப்பினால் இரண்டு பக்கமும் ஒன்றாகி, உயர்ந்த ஒலிகள் வெட்டுப்பட்டுப் போகும். ஒலிச் சுருக்க முறைகளைத் திணறடிக்கும் இரண்டு ஒலிகள் கைதட்டலும் மழையும். சிறு சிறு டக்குகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வருவதால் சுருக்க வழியே இருப்பதில்லை.

தீர்வு எளிது. ஏஜிசியையும் இரைச்சல் நீக்கத்தையும் நிறுத்த விடும் பதிவுச் செயலி ஒன்றைப் போட்டு, சுருக்காத வேவ் கோப்பாக எடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி, மணிக்கு ஒரு ஜிபி. இன்றைய மெமரி கார்டுக்கு அது பெரிய சுமை இல்லை.

## 32 பிட் ஃப்ளோட் என்ன செய்யும், என்ன செய்யாது

பிட் என்பது ஒலியின் அளவை எழுத எத்தனை இலக்கம் ஒதுக்குகிறோம் என்பது. 16 பிட்டில் மிகச் சன்னமான ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் எழுதலாம். 24 பிட்டில் 144. 32 பிட் ஃப்ளோட்டில் கணக்குப்படி 1,500 டெசிபலுக்கும் மேல். உலகில் அப்படி ஒரு ஒலி கிடையாது. நடைமுறையில் இந்த ரெக்கார்டர்களுக்குள் சன்ன ஒலிக்கு ஒன்று, பெரிய ஒலிக்கு ஒன்று என, மின்னழுத்தத்தை எண்களாக்கும் இரண்டு மாற்றிகள் இருந்து, இரண்டையும் தைத்து ஒரே கோப்பாக்குகின்றன. 2019-இல் வந்த ஜூம் எஃப்6 இந்த வகையில் முன்னோடி. அப்புறம் மலிவான கருவிகளுக்கும் இறங்கி வந்துவிட்டது.

இதனால் உண்மையில் கிடைப்பது ஒரு காப்பு. ஆள் இல்லாமல் விட்டுவிட்டு வந்த ரெக்கார்டருக்குப் பக்கத்தில் இடி இடித்தாலும், திருவிழாவில் அதிர்வேட்டு போட்டாலும், ரெக்கார்டருக்குள் ஒலி உடையாது. ஆனால் மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை அதனால் ஒட்ட முடியாது. மைக்கின் சொந்த இரைச்சலைக் குறைக்க முடியாது. திசையைக் கொண்டுவர முடியாது. வாங்குவது நல்லதுதான், நேரில் கேட்ட மாதிரி இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

## காற்று

மைக்கில் காற்று அடிக்கும்போது வரும் ‘புர்ர்’ ஒலி காற்றின் ஒலியே அல்ல. சவ்வைச் சுற்றி எழும் சுழிப்பின் அழுத்தம் அது. நேரில் நாம் அதை இந்த அளவுக்குக் கேட்பதில்லை என்பதால் பதிவில் அது பொய்யாகத் தெரியும். ஃபோம் உறை மெல்லிய காற்றுக்கு மட்டும் தாங்கும். வெளியில் நீளமான செயற்கை ரோமம் வைத்த உறை தேவை. பொம்மை செய்யும் ரோமத் துணியை வாங்கி வீட்டிலேயே தைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. ரெக்கார்டரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வசதி இருக்கும். லாரி உறுமலுக்கு அது உதவும். கடலலைக்கும் இடிக்கும் போடாதீர்கள். அவற்றின் கனமே அங்கேதான் இருக்கிறது.

## கணினியில் கை வைக்கும்போது

தொடக்கத்தையும் முடிவையும் வெட்டுங்கள். நடுவில் யாராவது வண்டியை உதைத்துக் கிளப்பியிருந்தால் அதையும் வெட்டலாம். அதற்கு மேல் போகும் ஒவ்வோர் அடியிலும் கவனம் வேண்டும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை அழுத்திப் போட்டால், எஞ்சியது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் குமிழியிடும். காது லேசான ‘ஸ்ஸ்’ ஒலியைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். குமிழியிடும் ஒலியை மறக்கவே மறக்காது. ஒலி ஏற்றத்தாழ்வை நெருக்கும் கம்ப்ரெஷனையும் தொடாமல் விடுவதே நல்லது. ஏஜிசி செய்த அதே கெடுதலை அது நம் கையாலேயே செய்யும். வேறு நாள் எடுத்த மயில் அகவலைக் கொண்டுவந்து இந்த மழைக்குள் ஒட்டுவது இசைக்கோ படத்துக்கோ சரி. ‘இன்ன ஊரில், இன்ன நாளில் பெய்த மழை’ என்று பெயர் போட்டுக் கொடுக்கும் பதிவில் அது கேட்பவரை ஏமாற்றுவது. இதில் சமரசம் கூடாது என்று நினைக்கிறேன்.

## எவ்வளவு சத்தமாகப் போட்டுக் கேட்பது

இத்தனையும் செய்த பிறகும் பதிவு பொய்யாகக் கேட்க ஒரு காரணம் பாக்கி இருக்கிறது. 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் காதின் ஓர் இயல்பை அளந்து வெளியிட்டார்கள். ஒலி சிறுக்கச் சிறுக்க, தாழ்ந்த ஒலிகள் நமக்கு மற்றவற்றைவிட வேகமாக மறைகின்றன. ஒலி பெருக்கினால் அவை மற்றவற்றைவிட வேகமாக எழுகின்றன. அதாவது அளவு மாறினால் நிறமும் மாறும். 30 டெசிபலில் கேட்ட தோப்பை 65 டெசிபலில் போட்டால், அது வெறுமனே ‘அதே தோப்பு, கொஞ்சம் சத்தமாக’ என்று இருக்காது. தூரத்துச் சாலையின் உறுமல் முன்னே வரும், மைக்கின் ‘ஸ்ஸ்’ எழும், குருவி கழுகு அளவுக்குப் பெரிதாகத் தோன்றும். மென்பொருளில் ‘நார்மலைஸ்’ என்ற ஒரே பொத்தானால் எல்லாப் பதிவையும் உச்சிக்கு ஏற்றுவது இந்தத் தவறைத்தான் செய்கிறது.

சரியான அளவைப் பிடிக்க ஒரு கைமுறை உண்டு. பதிவு முடிகிற சமயத்தில், கெயினைத் தொடாமல், மைக்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணக் குரலில் நாள், நேரம், ஊர், வானிலை, மைக் எந்தத் திசை பார்த்திருந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். ஆவணத்துக்கும் ஆயிற்று. பின்னால் கேட்கும்போது, அந்தக் குரல் ஒரு மீட்டரில் யாரோ நின்று பேசுவதுபோல இருக்கும்வரை ஒலியைக் கூட்டிக் குறைத்து, அங்கே நிறுத்துங்கள். பிறகு தொடக்கத்துக்குப் போய் மழையைக் கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவைவிட அது கீழேயே இருக்கும்.

யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் இரண்டு விஷயம். அது மிகுந்த சத்தமுள்ள ஒலியை இறக்கும், சன்னமானதை ஏற்றாது. அதனால் சன்னமாகவே விடத் தயங்க வேண்டாம். ஆனால் 2023 முதல் ‘ஸ்டேபிள் வால்யூம்’ என்று ஒரு வசதி பலருடைய செயலியில் தானாகவே இயங்குகிறது. அது ஏற்றத்தாழ்வை நெருக்கி, வாழை இலையையும் வயல்வெளியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். காணொளியின் கீழே விவரம் எழுதும் இடத்தில் முதல் வரியாக, அதை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லிக் குறிப்புப் போடுங்கள். ஒரு மீட்டர் குரலைப் பதிவின் கடைசியில் வெட்டாமல் விட்டிருந்தால், ஒலியை எங்கே நிறுத்துவது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.